ஒரே ஆறு, இரண்டு மூலதனங்கள்: ஜாம்பியாவில் சீனா

1

சீனாவை ஏகாதிபத்தியம் என்று சொல்லலாமா, கூடாதா? நாலு தோழர்கள் கூடுகிற இடத்தில் இந்தக் கேள்வி விழுந்தால் போதும், பேச்சு இரண்டாகப் பிளந்துவிடும். ஒருவர் ஆப்பிரிக்காவில் ரயில், துறைமுகம், சுரங்கம் என்று விரலை மடக்கி எண்ணி, 'வெள்ளைக்காரன் போன வழியிலேதான் இவனும் போறான், நிறம்தான் வேற' என்பார். இன்னொருவர், 'உலக வங்கி நூறு நிபந்தனை போட்டபோது நிபந்தனை இல்லாமல் கடன் கொடுத்தது யாரு? அமெரிக்காவுக்கு எதிரா ஒரு எடை வேண்டாமா?' என்பார். இருவரிடமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. இருவரிடமும் ஒரு மௌனமும் இருக்கிறது. ஆப்பிரிக்கா என்பது இரண்டு பேருக்குமே வெளியாட்கள் வந்து நடித்துவிட்டுப் போகிற காலி மேடை. அங்கே தொழிற்சங்கம் உண்டு, தேர்தல் உண்டு, வேலைநிறுத்தம் உண்டு, சொந்த ஆட்சியாளரோடும் வந்த முதலாளியோடும் ஒரே சமயத்தில் மல்லுக்கட்டுகிற மக்கள் உண்டு என்பது இந்தச் சொல்லாடலுக்குள் வருவதே இல்லை.

எனவே 'சீனா', 'ஆப்பிரிக்கா' என்ற பெரிய சொற்களைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொள்வோம். ஜாம்பியா. கடற்கரை இல்லாத நாடு. மக்கள்தொகை சுமார் 2 கோடி. செம்பை விற்று வாழ்கிற பொருளாதாரம். இதைத் தேர்ந்தெடுக்க மூன்று காரணங்கள். (1) சீனாவுடனான உறவு இங்கே அறுபதாண்டுப் பழமை உடையது. தோழமையாகத் தொடங்கி வணிகமாக மாறிய கதையை முழுதாகப் பார்க்க முடிகிறது. (2) ஒரே தாதுப் படுகையில் சீன அரசு மூலதனமும் பன்னாட்டுத் தனியார் மூலதனமும் பக்கத்துப் பக்கத்தில் இயங்குவதால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். (3) அந்தத் தனியார் மூலதனங்களில் ஒன்று நமக்கு மிக நன்றாகத் தெரிந்தது. தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் என்று நாம் அறிந்த அதே வேதாந்தா.

2

1964 அக்டோபரில் ஜாம்பியா விடுதலை பெற்றது. அடுத்த ஆண்டே, 1965 நவம்பரில், தெற்கே ரொடீஷியாவின் வெள்ளை இனவாத அரசு தன்னிச்சையாகச் சுதந்திரப் பிரகடனம் செய்தது. ஜாம்பியாவின் செம்பு கடலுக்குப் போகும் முக்கிய ரயில் பாதை அந்த ரொடீஷியா வழியாகத்தான் போயிற்று. நாடு விடுதலையாகிவிட்டது, ஆனால் அதன் கழுத்து எதிரியின் கையில். கென்னத் கவுண்டாவும் தான்சானியாவின் ஜூலியஸ் நைரேரேவும் கிழக்குப் பக்கமாக ஒரு பாதை கேட்டு மேற்கு நாடுகளிடம் போனார்கள். உலக வங்கி கணக்குப் பார்த்தது. லாபம் வராது என்றது. கணக்கில் இனவாதத்துக்கு எதிரான போராட்டத்துக்கு என்று ஒரு பத்தி கிடையாது.

சீனா ஒப்புக்கொண்டது. 1967 செப்டம்பரில் ஒப்பந்தம். 1970ல் தொடங்கி 1975ல் தண்டவாளம் போட்டு முடித்தார்கள். 1976ல் பாதை ஒப்படைக்கப்பட்டது. தார் எஸ் சலாம் துறைமுகத்திலிருந்து கபிரி ம்போஷி வரை 1,860 கிலோமீட்டர். 98.8 கோடி யுவான் வட்டியில்லாக் கடன், முப்பது ஆண்டுத் தவணை. அன்று சீனாவே ஏழை நாடு. கலாச்சாரப் புரட்சியின் கொந்தளிப்பு அடங்கியிருக்கவில்லை. அந்த நிலையில் பல்லாயிரம் தொழிலாளர்களை அனுப்பியது. அவர்களில் 60க்கும் மேற்பட்டவர்கள் அங்கேயே செத்துப்போனார்கள். டசாரா என்ற இந்த ரயிலை இன்றைக்கும் சீனத் தலைவர்கள் ஆப்பிரிக்க மேடைகளில் நினைவுகூரத் தவறுவதில்லை.

இதை வெறும் தியாகக் கதையாக வாசிக்க வேண்டாம். 1971 அக்டோபரில் ஐ.நா. சபையில் தைவானை வெளியேற்றி மக்கள் சீனத்துக்கு இடம் கொடுத்த தீர்மானத்தை முன்மொழிந்த நாடுகளில் ஜாம்பியாவும் தான்சானியாவும் இருந்தன. சோவியத் யூனியனோடு நடந்த போட்டியும் இதில் உண்டு. பாதைக்கான உள்ளூர்ச் செலவைக் கூடச் சீனச் சரக்குகளை அந்த நாட்டுக் கடைகளில் விற்று வந்த பணத்தில்தான் ஈடுகட்டினார்கள். ஆக, அரசியல் செல்வாக்கு என்பது நேற்று முளைத்தது அல்ல. தோழமையின் காலத்திலும் அது இருந்தது. அப்புறம் என்னதான் வித்தியாசம்? அன்று ஜாம்பியா கேட்டதும் சீனா விரும்பியதும் ஒரே பொருளில் சந்தித்தன. அந்தப் பாதை யாருடைய கழுத்தை விடுவிக்கப் போடப்பட்டது என்பதில் யாருக்கும் குழப்பம் இருக்கவில்லை.

3

இன்றைய நிலைக்கு நேரே தாவிவிடக் கூடாது. நடுவில் ஒரு இருபத்தைந்து ஆண்டுகள் இருக்கின்றன. சீனாவைப் பற்றிப் பேசுகிற மேற்கத்தியப் பத்திரிகைகள் மறக்க விரும்புகிற ஆண்டுகள் அவை.

1969ல் கவுண்டா அரசு சுரங்கங்களில் 51 சதவீதப் பங்கை எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. செம்பு நல்ல விலைக்குப் போன காலம். அரசுச் சுரங்கக் கம்பெனி தொழிலாளிக்குச் சம்பளம் மட்டும் கொடுக்கவில்லை. வீடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், குடிநீர், கால்பந்துக் குழு எல்லாம் அதன் பொறுப்பு. தொட்டிலிலிருந்து சுடுகாடு வரை என்பார்களே, அப்படி. 1970களின் நடுவில் எண்ணெய் விலை ஏறியது, செம்பு விலை சரிந்தது. அரசு கடன் வாங்கியது. கடனை அடைக்கக் கடன் வாங்கியது. பிறகு பன்னாட்டு நிதியம் உள்ளே வந்தது. 1986 டிசம்பரில் மக்காச்சோள மாவுக்கான மானியத்தை வெட்டியபோது சுரங்க நகரங்களில் கலவரம் வெடித்தது. மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1987ல் கவுண்டா நிதியத்தோடு உறவை முறித்து, ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கடனுக்குக் கட்டமாட்டேன் என்றார். இரண்டே ஆண்டில் திரும்பிப் போக வேண்டியதாயிற்று. 1991 தேர்தலில் அவரைத் தோற்கடித்தவர் சிலூபா, ஒரு தொழிற்சங்கத் தலைவர். சுரங்கங்களைத் துண்டு துண்டாக விற்றதும் அவர் ஆட்சிதான். சரித்திரத்தின் கேலி இப்படித்தான் இருக்கும் போல.

விற்பனை நடந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். செம்பு விலை அடிமட்டத்தில் கிடந்தபோது, கடன்காரர்களின் கெடுவுக்குள், அவசர அவசரமாக விற்றார்கள். வாங்கியவர்களோடு தனித்தனியே போட்டுக்கொண்ட 'வளர்ச்சி ஒப்பந்தங்கள்' பொதுமக்களுக்குக் காட்டப்படவில்லை. செம்புக்கு ராயல்டி 0.6 சதவீதம் என்கிற அளவுக்கு இறங்கியது. பல ஆண்டுகளுக்கு வரியை மாற்றமாட்டோம் என்ற உறுதியும் சேர்ந்தது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வெளியே தள்ளப்பட்டார்கள். ஆஸ்பத்திரியையும் பள்ளிக்கூடத்தையும் புது முதலாளிகள் 'எங்கள் தொழில் இல்லை' என்று கைகழுவினார்கள்.

இந்தக் கதவு வழியாகத்தான் எல்லோரும் உள்ளே வந்தார்கள். 1998ல் சீன அரசு நிறுவனம் ஒன்று, பத்தாண்டுக்கும் மேலாக மூடிக் கிடந்த சம்பிஷி சுரங்கத்தில் 85 சதவீதத்தை 2 கோடி டாலருக்கு வாங்கியது. 2004ல் வேதாந்தா, நாட்டின் மிகப் பெரிய சுரங்கத் தொகுதியான கொங்கோலாவில் 51 சதவீதத்தை 2.5 கோடி டாலருக்கு வாங்கியது. மொபானியை சுவிட்சர்லாந்தின் கிளென்கோர் பிடித்தது. கதவைத் திறந்தது சீனா அல்ல. திறந்திருந்த கதவில் நுழைந்தது. இதைச் சொல்வது சீனாவுக்கு வக்காலத்து வாங்குவதற்காக அல்ல. கதவு எப்படித் திறந்தது என்று கேட்காத விமரிசனம், அடுத்து வருகிறவனுக்கும் அதே கதவைத் திறந்து வைக்கும்.

4

சம்பிஷியில் என்ன நடந்தது? 2005 ஏப்ரலில், சுரங்கத்தை ஒட்டியிருந்த சீன வெடிமருந்துத் தொழிற்சாலை வெடித்துச் சிதறியது. ஏறத்தாழ ஐம்பது ஜாம்பியத் தொழிலாளர்கள், பெரும்பாலும் இளைஞர்கள், செத்தார்கள். 2006 ஜூலையில் கூலி கேட்டு நடந்த கிளர்ச்சியில் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் மைக்கேல் சாட்டா சீன எதிர்ப்பையே தன் முழக்கமாக எடுத்தார். தைவானோடு உறவு வைப்பேன் என்ற தொனியிலும் பேசினார். உடனே சீனத் தூதர் லீ பாவோதுங், சாட்டா ஜெயித்தால் உறவை முறித்துக்கொள்ள நேரும், முதலீடு நின்றுபோகும் என்று பகிரங்கமாகவே எச்சரித்தார். பிற நாட்டு உள்விவகாரத்தில் தலையிடுவதில்லை என்பது பெய்ஜிங் ஓயாமல் சொல்கிற கொள்கை. ஒரு தேர்தல் வந்ததும் அது எங்கே போயிற்று?

சாட்டா தோற்றார். தலைநகர் லுசாகாவில் சீனக் கடைகள் தாக்கப்பட்டன. 2007 பிப்ரவரியில் சீன அதிபர் ஹூ ஜின்டாவ் வந்தபோது, எதிர்ப்புக்குப் பயந்து சுரங்கப் பகுதிக்குப் போகும் நிகழ்ச்சியையே விலக்கிக்கொண்டார். ஆனால் அதே பயணத்தில் சம்பிஷியில் ஒரு பொருளாதார மண்டலத்தை அறிவித்தார். தாதுவை அப்படியே அள்ளிக்கொண்டு போகாமல் இங்கேயே உருக்கிக் கொடு என்பது ஜாம்பிய அரசின் பழைய கோரிக்கை. உருக்காலையும் வந்தது.

இந்த இடத்தில் சமூகவியலாளர் சிங் குவான் லீயின் ஆய்வு நமக்கு உதவுகிறது. பல ஆண்டுகள் இந்தச் சுரங்கங்களுக்குள்ளேயே அலைந்து 2017ல் அவர் வெளியிட்ட நூல், 'சீனா நல்லதா கெட்டதா' என்ற கேள்வியையே மாற்றிப் போட்டது. சீன மூலதனம் என்று ஒன்று இல்லை. சீன அரசு மூலதனம் வேறு, சீனத் தனியார் மூலதனம் வேறு என்கிறார் அவர். பன்னாட்டுத் தனியார் கம்பெனிக்கு ஒரே இலக்குத்தான்: பங்குதாரருக்கு லாபம். சீன அரசுக் கம்பெனிக்கு லாபம் வேண்டும். கூடவே தாதுவின் மீது நீண்ட காலப் பிடிப்பும், அந்த நாட்டு அரசின் நல்லெண்ணமும் வேண்டும். இலக்கு மூன்று என்பதால் அதைப் பிடித்து இழுக்கக் கயிறும் மூன்று.

இதன் விளைவு 2008 நெருக்கடியில் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த ஆண்டின் நடுவில் டன்னுக்கு 8,000 டாலரைத் தாண்டியிருந்த செம்பு, டிசம்பரில் 3,000 அளவுக்கு விழுந்தது. தனியார் சுரங்கங்கள் ஆட்குறைப்பில் இறங்கின. லுவான்ஷியா சுரங்கம் மூடப்பட்டது. சம்பிஷி ஆட்குறைப்பு இல்லை, உற்பத்திக் குறைப்பு இல்லை, முதலீட்டுக் குறைப்பு இல்லை என்று அறிவித்தது. மூடிய லுவான்ஷியாவையும் 2009ல் சீன அரசு நிறுவனமே எடுத்து நடத்தியது. அப்படியானால் தொழிலாளிக்குச் சீனா நல்ல முதலாளியா? அவசரப்பட வேண்டாம். சம்பிஷியில் கூலி மற்ற சுரங்கங்களைவிடக் குறைவு. பாதுகாப்பு மோசம் என்பதை 2011ல் மனித உரிமைக் கண்காணிப்பகத்தின் அறிக்கை விரிவாகப் பதிவு செய்தது. லீ சொல்வதைச் சுருக்கினால் இப்படி வரும்: ஒருபக்கம் குறைந்த கூலி, ஆனால் வேலை நிலையாக இருக்கும், மறுபக்கம் கூடுதல் கூலி, ஆனால் எந்த நேரமும் வெளியே தள்ளப்படலாம். சுரண்டல் இரண்டு இடத்திலும் உண்டு. அதன் இலக்கணம்தான் வேறு.

ஒன்றை மறக்கக் கூடாது. சீன அரசு மூலதனம் விட்டுக்கொடுத்ததெல்லாம் அதன் குணத்தால் வந்தது அல்ல. வெடிவிபத்து, வேலைநிறுத்தம், கல்வீச்சு, சாட்டாவுக்கு விழுந்த வாக்குகள், இவையெல்லாம் ஆட்சியாளரைப் பயமுறுத்த, ஆட்சியாளர் சீனக் கம்பெனியை நெருக்க, அப்போதுதான் தற்காலிகக் கூலிகள் படிப்படியாக நிரந்தரமானார்கள். அரசின் நல்லெண்ணத்தை விரும்புகிற மூலதனத்தை அரசின் வழியாக நெருக்கலாம். அரசை யார் நெருக்குவது என்பதுதான் கேள்வி. அந்த நெருக்கடி இல்லாத இடத்தில் கதை வேறு. தெற்கு ஜாம்பியாவின் கோலம் நிலக்கரிச் சுரங்கம் சீனத் தனியார் ஒருவருக்குச் சொந்தமானது. 2010 அக்டோபரில் கூலி கேட்ட தொழிலாளர்களை நோக்கி மேலாளர்கள் துப்பாக்கியால் சுட்டார்கள்; பத்துப் பேருக்கும் மேல் காயம்பட்டார்கள். 2011ல் வழக்கு கைவிடப்பட்டது. 2012 ஆகஸ்டில் அதே சுரங்கத்தில் நடந்த கலவரத்தில் ஒரு சீன மேலாளர் கொல்லப்பட்டார்.

அந்த சாட்டா என்ன ஆனார்? 2011 செப்டம்பரில் ஜெயித்தார். பதவிக்கு வந்த சில வாரங்களிலேயே சீனத் தூதரை வரவேற்றார். பழைய அதிபர் கவுண்டாவையே தூதராகப் பெய்ஜிங்குக்கு அனுப்பி வைத்தார். நமக்கு இந்த வகை அரசியல்வாதி புதிதா என்ன?

5

இனி கடன். 'கடன் பொறி' என்ற சொல் பத்தாண்டுகளாக உலகம் முழுவதும் சுற்றிக்கொண்டிருக்கிறது. சீனா வேண்டுமென்றே அடைக்க முடியாத கடனைக் கொடுத்து, பிறகு சொத்தைப் பிடுங்குகிறது என்பது அதன் சாரம். 2018ல் ஜாம்பியாவின் மின்வாரியத்தையும் விமான நிலையத்தையும் சீனா எடுத்துக்கொண்டது என்று செய்தி பரவியது. அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனால் அந்த நவம்பரில், அரசு மரக் கம்பெனியைச் சீனர்களுக்கு விற்றுவிட்டார்கள் என்ற வதந்தியில் கிட்வே நகரத்தில் கடைகள் சூறையாடப்பட்டன. அடி வாங்கியது சாதாரணச் சீன வியாபாரிகள். வதந்தி ஏன் நம்பப்பட்டது என்பதைத்தான் நாம் யோசிக்க வேண்டும். ஒப்பந்தங்களை யாரும் பார்த்ததில்லை. பார்க்க முடியாத தாளில் எதுவும் எழுதியிருக்கலாம் அல்லவா?

சீனக் கடன் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். சாலையோ அணையோ வேண்டும் என்ற யோசனையோடு பல சமயம் முதலில் வருவது சீனக் கட்டுமானக் கம்பெனி. அது அமைச்சரைப் பிடிக்கிறது. அமைச்சகம் சீன எக்ஸிம் வங்கியிடம் கடன் கேட்கிறது. வங்கி கடனை ஜாம்பிய அரசின் பெயரில் எழுதி, பணத்தைக் கட்டுமானக் கம்பெனிக்கு நேராகக் கொடுக்கிறது. பணம் பெய்ஜிங்கைவிட்டு வெளியே போக வேண்டிய அவசியமே இல்லை. ஜாம்பியாவுக்கு வருவது சாலையும் ரசீதும். தேர்தலுக்கு முன்னால் சாலை திறந்தால் அதிபருக்கு லாபம், கம்பெனிக்கு லாபம், வங்கிக்கு வட்டி. அசல் பத்தாண்டு கழித்து வேறு யாரோ ஒரு நிதியமைச்சரின் தலைமேல் விழும். 'பொறி' என்றால் ஒருவன் வைக்க இன்னொருவன் மாட்டுவது. இங்கேயோ இரண்டு பக்கத்து ஆட்சியாளர்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, மூன்றாம் ஆளான மக்களிடம் பில்லைக் கொடுக்கிறார்கள்.

2021ல் சில ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து நூறு சீனக் கடன் ஒப்பந்தங்களை எடுத்து வெளியிட்டன. அவற்றில் பெரும்பாலான புதிய ஒப்பந்தங்களில் ரகசியக் காப்பு விதி இருந்தது. மற்றக் கடன்காரர்களோடு சேர்த்து இந்தக் கடனை மறுசீரமைக்கக் கூடாது என்ற விதிகள் பலவற்றில் இருந்தன. சீன வளர்ச்சி வங்கியின் ஒப்பந்தங்களில், கடன் வாங்கிய நாடு சீனாவோடு ராஜதந்திர உறவை முறித்தால் அதுவே கடன் தவறியதாகக் கருதப்படும் என்று எழுதியிருந்தது. 2006ல் தூதர் வாயால் சொன்னதை இங்கே வக்கீல் தாளில் எழுதிவிட்டார். அரசியல் செல்வாக்கு என்றதும் நாம் ராணுவத் தளத்தையும் உளவாளியையும் தேடுகிறோம். அது ஒரு உட்பிரிவாக, நாற்பதாம் பக்கத்தில், சும்மா உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் ஜாம்பியா கடன் வாங்கியது சீனாவிடம் மட்டுமா? 2005ல் ஏழை நாடுகளுக்கான கடன் தள்ளுபடியில் அதன் வெளிக்கடன் 700 கோடி டாலரிலிருந்து 100 கோடிக்கும் கீழே இறங்கியது. தள்ளுபடி முடிந்த சூட்டோடு ஒரு கழுகு நிதி வந்து நின்றது. 1979ல் டிராக்டர் வாங்க ருமேனியாவிடம் பட்ட கடனை 1999ல் சுமார் 33 லட்சம் டாலருக்கு வாங்கி வைத்திருந்த டொனேகல் என்ற நிறுவனம், 5.5 கோடி டாலர் கேட்டு லண்டனில் வழக்குப் போட்டு, 2007ல் சுமார் 1.5 கோடி டாலர் தீர்ப்பு வாங்கியது. பிறகு 2012, 2014, 2015 ஆண்டுகளில் அரசு 300 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் விற்றது. வட்டி முதலில் 5.375 சதவீதம், அடுத்து 8.5, கடைசியில் 8.97. இது லண்டன், நியூயார்க் சந்தைப் பணம். இதற்கு 'பொறி' என்று யாரும் பெயர் வைக்கவில்லை. 'சந்தையின் நம்பிக்கை' என்றார்கள்.

2020 நவம்பரில் 4.25 கோடி டாலர் வட்டித் தவணை கட்ட முடியாமல் ஜாம்பியா திவாலானது. தவணையைத் தள்ளி வையுங்கள் என்று கேட்டபோது பத்திரக்காரர்கள் மறுத்தார்கள். அவர்கள் சொன்ன காரணம்: சீனாவுக்கு எவ்வளவு பாக்கி, எந்த விதியில் என்று சொல்லாதவரை எங்கள் பணம் அங்கே போகாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஒருவனுடைய ரகசியம் இன்னொருவனுடைய பிடிவாதத்துக்குச் சாக்கு. 2021ல் ஆட்சி மாறி ஹிச்சிலேமா வந்த பிறகு, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சீனக் கடன் சுமார் 660 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். முந்தைய அரசு காட்டிய தொகைபோல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

பன்னாட்டு நிதியம் 2022 ஆகஸ்டில் 130 கோடி டாலர் ஒப்புக்கொண்டது. எரிபொருள் மானியம் போயிற்று. 2023 ஜூனில் அரசுக் கடன்காரர்கள் 630 கோடி டாலரை மறுசீரமைக்கச் சம்மதித்தார்கள். அந்தக் குழுவுக்குத் தலைமை வகித்தவை இரண்டு நாடுகள்: சீனாவும் பிரான்சும். பத்திரக்காரர்களோடு விவகாரம் முடிய 2024 ஜூன் ஆயிற்று. திவாலாகி மூன்றரை ஆண்டு. இத்தனை நாளும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் யாரென்று பாருங்கள். சீனா, பிரான்ஸ், நிதியம், பத்திரக்காரர்களின் வக்கீல்கள், ஜாம்பிய நிதி அமைச்சகம். பகைவர்கள் என்று நாம் நினைக்கிறவர்கள் ஒரே மேசையில். சுரங்கத் தொழிற்சங்கத்துக்கு நாற்காலி கிடையாது.

6

இப்போது ஆற்றுக்கு வருவோம். சுரங்கப் பகுதியில் புறப்பட்டு நாட்டின் நடுவே ஓடுகிறது காஃபுவே. ஜாம்பிய மக்களில் பாதிக்கும் மேல் அதன் படுகையில்தான் வாழ்கிறார்கள்.

2006 நவம்பரில் வேதாந்தாவின் கொங்கோலாவிலிருந்து கழிவுக் குழாய் உடைந்து அமிலமும் செம்பும் காஃபுவேயில் கலந்தன. சிங்கோலா பகுதியில் குடிநீர் நின்றது. 2014ல் வேதாந்தா தலைவர் அனில் அகர்வால் பெங்களூரில் ஒரு கூட்டத்தில், இந்தச் சுரங்கத்தை 2.5 கோடி டாலருக்கு வாங்கியதையும், ஆண்டுதோறும் குறைந்தது 50 கோடி டாலர் வருவதையும் பெருமையாகச் சொல்லிச் சிரித்த படம் வெளியாகி ஜாம்பியா கொதித்தது. கம்பெனியோ அங்கே நஷ்டக் கணக்கு காட்டிக்கொண்டிருந்தது. 2019 மே மாதம் அரசு கொங்கோலாவைக் கலைப்புக்கு உட்படுத்திக் கைப்பற்றியது. 2024 ஜூலையில் அது வேதாந்தாவிடமே திரும்பிப் போயிற்று.

2025 பிப்ரவரி 18ல் சம்பிஷியில் சீன அரசு நிறுவனத்தின் துணைக் கம்பெனியான சீனோ மெட்டல்ஸின் கழிவுத் தேக்கம் உடைந்தது. அமிலக் கழிவு முவம்பாஷி ஓடை வழியே அதே காஃபுவேயில் இறங்கியது. 5 கோடி லிட்டர் என்றது முதல் கணக்கு. பிறகு வந்த மதிப்பீடுகள் அதைவிடப் பல மடங்கு. மீன்கள் செத்து மிதந்தன, கரையோர மக்காச்சோளம் கருகியது, கிட்வே நகரத்துக்கே குடிநீர் நிறுத்தப்பட்டது. அமிலத்தை முறிக்க விமானப்படை மேலிருந்து ஆற்றில் சுண்ணாம்பைக் கொட்டியது. வானத்திலிருந்து சுண்ணாம்பு கொட்ட வேண்டிய நிலைக்கு ஒரு ஆறு வந்துவிட்டது.

ஆற்றுக்கு மூலதனத்தின் பாஸ்போர்ட் தெரியாது. ஆனால் கரையில் நிற்கிறவர்கள் அதைத் தெரிந்துகொண்டுதான் ஆக வேண்டும். ஏனென்றால் எந்தக் கதவைத் தட்டுவது என்பது அதைப் பொறுத்தது. சிங்கோலா கிராமத்தார் 1,826 பேர் லண்டனுக்குப் போனார்கள். தாய்க் கம்பெனி அங்கே பதிவானது என்பதால் வழக்கை அங்கேயே விசாரிக்கலாம் என்று பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரல் 10ல் தீர்ப்பளித்தது. 2021ல் கம்பெனி சமரசத்துக்கு வந்தது. தாய்க் கம்பெனியின் பொறுப்பைப் பற்றிய சட்டத்தில் அது ஒரு மைல்கல். சம்பிஷி விவசாயிகளுக்கு அந்த வழி இல்லை. தாய்க் கம்பெனி சீன அரசின் சொத்து. பெய்ஜிங்கில் போய் யாரிடம் வழக்குப் போடுவது? 2025 செப்டம்பரில் அவர்கள் ஜாம்பிய நீதிமன்றத்திலேயே 8,000 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடர்ந்தார்கள். அந்த அரசோ சீனாவோடு கடன் மறுசீரமைப்பு பேசி முடித்த அரசு. அவர்களுக்குக் கையிலிருக்கும் ஆயுதம் வாக்கும் வேலைநிறுத்தமும் தெருவும்.

தனியார் மூலதனத்தை அது பதிவான ஊரின் நீதிமன்றத்திலும் பங்குச் சந்தையிலும் நெருக்கலாம். அரசு மூலதனத்தை அரசியலில்தான் நெருக்க முடியும். 'எல்லா முதலாளியும் ஒண்ணுதான்' என்று சொல்வது காதுக்கு இனிமை. போராடுகிறவருக்கு அதனால் பயன் இல்லை.

7

நமக்கு இதில் என்ன? 2018 மே 22ல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட்டுக்கு எதிராகப் போன மக்களைப் போலீஸ் சுட்டதில் 13 பேர் செத்தார்கள். சிங்கோலாவின் கிராமத்தாரும் தூத்துக்குடிக்காரர்களும் ஒரே தாய்க் கம்பெனியோடு, ஏறக்குறைய ஒரே காலத்தில் மோதிக்கொண்டிருந்தார்கள். இந்த உறவை நாம் எவ்வளவு எழுதினோம்? 'மூன்றாம் உலகம்' என்று சொல்லும்போது நம்மை எப்போதும் பாதிக்கப்பட்டவர் பக்கமே நிறுத்திக்கொள்கிறோம். ஜாம்பியத் தொழிலாளியின் கண்ணில் இந்தியன் என்பவன் சில சமயம் முதலாளி. சீனாவைப் பற்றிப் பேச உட்காரும்போது இந்த உறுத்தல் நம்மிடம் இருக்க வேண்டும்.

தோழர்களிடம் நான் வைக்க விரும்புவது ஒரு தீர்ப்பு அல்ல, சில கேள்விகள். எந்த நாட்டு முதலீடு எந்த நாட்டுக்குப் போனாலும் கேட்கலாம். ஒப்பந்தத்தின் தாள் எங்கே, அதைப் பார்க்க யாருக்கு உரிமை? வந்திருப்பது அரசு மூலதனமா, தனியாரா, கடன் பத்திரமா. அதற்கு லாபத்துக்கு மேல் வேறு என்ன வேண்டும்? உள்ளூரில் கையெழுத்துப் போட்டவர் யார், அவருக்குக் கிடைத்தது என்ன? பேரம் நடக்கும் மேசையில் யாருக்கு நாற்காலி இல்லை? குழாய் உடைந்தால் எந்தக் கதவைத் தட்டலாம்? இந்த ஐந்துக்கும் பதில் தேடிவிட்டு, 'ஏகாதிபத்தியம்' என்ற சொல்லுக்கு வந்தால் அந்தச் சொல்லுக்கு ஒரு கனம் இருக்கும்.

பழைய டசாரா பாதை பல ஆண்டுகளாக நொண்டிக்கொண்டு ஓடியது. அதைப் புதுப்பிக்க 140 கோடி டாலர் போட்டுத் தானே நடத்துவதாகச் சீன அரசு நிறுவனம் ஒன்று 2025ல் ஒப்பந்தம் போட்டது. இந்த முறை வட்டியில்லாக் கடன் இல்லை; முப்பதாண்டுச் சலுகை உரிமை, போட்ட பணத்தை எடுக்கும் கணக்கு. மேற்குப் பக்கம் அங்கோலாவின் லோபிட்டோ துறைமுகத்துக்குப் போகும் பாதைக்கு அமெரிக்காவும் ஐரோப்பாவும் பணம் போடுகின்றன; 2024 டிசம்பரில் அமெரிக்க அதிபர் பைடன் நேரிலேயே போய்ப் பார்த்தார். மின்வாகனங்களுக்குச் செம்பு வேண்டும், எல்லோருக்கும் வேண்டும். அன்று மேற்கு நாடுகளிடம் கேட்டும் கிடைக்காத ரயில் இன்று இரண்டு பக்கமும் தேடி வருகிறது. பேரம் பேச ஜாம்பியாவுக்கு இப்படி ஒரு சந்தர்ப்பம் முன்பு வாய்த்ததில்லை. அந்தப் பேரத்தை ஆட்சியாளர்கள் மட்டும் மூடிய அறையில் நடத்துவார்களா, சம்பிஷியும் சிங்கோலாவும் உள்ளே நுழையுமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.